திணறி ஓடும் பழைய அவுட்போர்டு மோட்டார்: கோளாறைத் தேடும் வரிசை

கயிற்றை இழுத்தால் எஞ்சின் கிளம்பிவிடுகிறது. ஆனால் சீராக ஓடுவதில்லை. ஸ்லோவில் விட்டால் விக்கி விக்கி நின்றுபோகிறது, கைப்பிடியை முறுக்கினால் இருமுகிறது, பாதி வேகத்தில் கொஞ்ச நேரம் நன்றாக இழுத்துவிட்டுத் திடீரென்று தளர்ந்துபோகிறது. பழைய சிறு அவுட்போர்டு மோட்டார்களுக்கு வரும் தொல்லைகளில் ஆளை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். அடியோடு கிளம்பாத எஞ்சினில் ஏதோ ஒன்று முழுதாகச் செத்திருக்கும், அதைக் கண்டுபிடிப்பது ஒப்பிடும்போது சுலபம். அரைகுறையாக ஓடும் எஞ்சினிலோ எல்லாமே ஓரளவுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். எது குறைகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கிக்கொண்டே வர வேண்டும்.

பினாங்குத் தீவைச் சுற்றி இந்த மோட்டார்களுக்குப் பஞ்சமில்லை. வடக்கே தஞ்சோங் தோக்கோங், தெலுக் பாஹாங், தெற்கே தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல், பத்து மாவுங் என்று கரைக்கடல் மீனவர்கள் படகு நிறுத்தும் இடங்களில் பின்பலகையில் தொங்கும் மோட்டாரை ‘எஞ்சின் சங்குட்’ என்றே எல்லா இனத்தாரும் சொல்கிறார்கள். ஜார்ஜ்டவுனில் வெல்ட் கீ ஓரமாக மரக்கால்களின் மேல் நிற்கும் சீனக் குல ஜெட்டிகள் ஒரு காலத்தில் சம்பான்காரர்களின் குடியிருப்பு. நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் கொண்டுபோனவர்கள் அவர்கள். துடுப்பு இருந்த இடத்தில் பிறகு மோட்டார் வந்தது.

கரையில் அதிகம் கண்ணில் படுவது யமஹாவின் 2 ஸ்ட்ரோக் மோட்டார்கள். யமஹா தன் முதல் அவுட்போர்டை 1960இல் வெளியிட்டது. அதற்கும் மூத்தவை அமெரிக்காவின் எவின்ரூடும் ஜான்சனும். நார்வேயில் பிறந்து மில்வாக்கியில் பட்டறை வைத்திருந்த ஓலே எவின்ரூட் 1909இல் தன் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரு பெயர்களையும் தயாரித்துவந்த ஓஎம்சி நிறுவனம் 2000 டிசம்பரில் நொடித்துப்போனது. வேறு கைக்கு மாறிய எவின்ரூடும் 2020இல் நின்றுவிட்டது. பிரிட்டிஷ் சீகல் என்ற அவுட்போர்டு நிறுவனம் 1996இலேயே தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. அதனால் இவற்றை வைத்திருப்பவர் ஒவ்வொரு பாகமாக வாங்கி மாட்டிப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. பாகம் கிடைப்பதே அரிது. நோய் இன்னதென்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எஞ்சின் எப்போது திணறுகிறது என்பது. ஸ்லோவில் மட்டும் தடுமாறி, வேகம் எடுத்ததும் சரியாகிவிட்டால் சந்தேகம் கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட் மீதும், காற்று கசியும் சீல் மீதும் விழும். ஸ்லோவில் நன்றாக இருந்து முழு வேகத்தில் மூச்சு வாங்கினால் பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரவில்லை என்று பொருள். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, கால் மணி நேரம் கழித்துத் தடுமாறினால் காயிலையும் கண்டென்சரையும் தண்ணீர் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த மறுநாள் மட்டும் தகராறு செய்தால் பிளக் வயரின் உறை எங்கோ வெடித்து மின்சாரம் கசிகிறது. இருட்டில் கவரைத் திறந்து ஓட்டிப் பார்த்தால் அந்தக் கசிவு நீலப் பொறியாகக் கண்ணுக்கே தெரியும்.

இந்த அளவுக்குக் கேட்டு முடித்த பிறகும் பலருடைய கை நேராகக் கார்புரேட்டரின் திருகுக்குத்தான் போகும். வெளியே தெரிகிற, ஸ்க்ரூடிரைவர் மட்டும் போதுமான ஒரே இடம் அது. ஆனால் நேற்றுவரை சரியாக ஓடிய எஞ்சினில் அந்தத் திருகு தானாகத் திரும்பியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வேறு காரணத்தால் வந்த திணறலைத் திருகை வைத்துச் சரிசெய்யப் போனால், பழைய கோளாறு அப்படியே இருக்க, அதன் மேல் புதிய கோளாறு ஒன்று ஏறும். அதற்குப் பிறகு எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு. பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன் மூன்றையும் பார்த்து முடித்த பிறகே கார்புரேட்டர் என்பதில் பிடிவாதமாக இருப்பது நல்லது.

பெட்ரோலில் தொடங்கலாம். பினாங்கில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம். பாதி காலியான டேங்க் பகலில் சூடாகி இரவில் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் சுவரில் படிந்து நீராகக் கீழே இறங்கும். போதாக்குறைக்கு டேங்கின் மூடி வழியே மழைநீரும் உப்புநீரும் போகும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது, அதனால் அடியில் தங்கும். டேங்கின் உறிஞ்சு குழாயும் அடியில்தான் இருக்கிறது. படகு ஆடும்போதெல்லாம் ஒரு வாய் நீர் குழாயில் ஏறிப் போகும், எஞ்சின் விக்கும். கடலில் திணறிய மோட்டார் கரையில் அசையாமல் நிற்கும்போது ஒழுங்காக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் இறக்கி அசையாமல் வைத்தால் போதும். நீர் இருந்தால் அடியில் தனிப் படலமாகப் பிரிந்து நிற்கும். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் என்றால் மூக்கே சொல்லிவிடும்: புளித்த வார்னிஷ் வாடை. அதைப் புதிய பெட்ரோலோடு கலந்து தீர்த்துவிடலாம் என்று நினைப்பது வீண் சிக்கனம்.

பெட்ரோலில் என்ன கலந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலேசியாவில் பாமாயில் எரிபொருளைக் கலப்பது டீசலில்தான். இந்தியாவில் பெட்ரோலிலேயே 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. தமிழ்நாட்டில் பழைய மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது தனிக் கவலை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதச் செய்யும், அந்தக் கால ஜான்சன், எவின்ரூட் கார்புரேட்டர்களில் உள்ள தக்கை மிதவையின் மேல் பூசிய ஷெல்லாக்கைக் கரைத்துவிடும். பூச்சு போன தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்து மூழ்கும், எஞ்சினுக்குப் பெட்ரோல் அளவுக்கு மேல் கொட்டும்.

அடுத்தது டேங்குக்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட வழி. டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு மூடியிருந்தால் எஞ்சின் கொஞ்ச தூரம் ஓடி, உள்ளே வெற்றிடம் உண்டாகி, தளர்ந்து நின்றுவிடும். இது பலமுறை பலருக்கு நேர்வது, பார்க்க ஒரு நொடிகூட ஆகாது. குழாயின் நடுவிலுள்ள ரப்பர் பல்பு நிறையச் செய்தி சொல்லும். அழுத்திப் பார்த்தால் கல்லு மாதிரி இறுக வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் இறுகாவிட்டால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது கார்புரேட்டரில் மிதவை ஊசி மூடாமல் பெட்ரோல் வழிகிறது. ஓடும்போது பல்பு உறிஞ்சி ஒட்டிக்கொண்டால் அடைப்பு டேங்க் பக்கம் இருக்கிறது. திணறுகிற நேரத்தில் பல்பை அழுத்திக்கொடுத்ததும் எஞ்சின் தெளிந்து ஓடினால் பெட்ரோல் பம்பு பலவீனம், அல்லது குழாய் எங்கோ காற்றை இழுக்கிறது. பழைய குழாய்களின் உட்தோல் பிரிந்து, உறிஞ்சும்போது மடிந்து வழியை அடைப்பதும் உண்டு. வெளியே பார்த்தால் குழாய் புதிதுபோல இருக்கும். வேறொரு நல்ல டேங்கையும் குழாயையும் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தால் இந்தப் பகுதி முழுவதையும் ஒரே அடியில் விலக்கிவிடலாம்.

1950களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் பெட்ரோல் பம்பே கிடையாது. இரட்டைக் குழாய் போகும், எஞ்சினின் கிராங்க்கேஸ் அழுத்தம் ஒரு குழாய் வழியே டேங்குக்குள் போய்ப் பெட்ரோலை இன்னொரு குழாய் வழியே தள்ளும். அந்த டேங்கின் மூடி ரப்பர் கிழிந்திருந்தால் அழுத்தம் நிற்காது, மோட்டார் வேகத்தில் திணறும். அழுத்தம் நிறைந்த டேங்கை எஞ்சின் நின்ற உடனே திறக்கும்போது மெதுவாகத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் முகத்தில் அடிக்கும்.

பெட்ரோல் வழி சுத்தமென்று தெரிந்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் காசு செலவில்லாமல் கிடைக்கும் மருத்துவ அறிக்கை அதுதான். முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் ஒழுங்கு. கருப்பாக, ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் அந்த சிலிண்டரில் பெட்ரோல் எரியவில்லை அல்லது தேவைக்கு மேல் வருகிறது. வெளுத்துப் பொரிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, எஞ்சின் சூடேறுகிறது. கழுவித் துடைத்ததுபோலப் பளிச்சென்று இருந்தால் அதற்காகச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து ஆவியாகிக் கழுவியிருக்கிறது, ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

8, 9.9, 15 குதிரைத்திறன் மோட்டார்களில் பெரும்பாலும் இரண்டு சிலிண்டர். ஒன்று செத்தாலும் மற்றது இழுத்துக்கொண்டு ஓடும். ‘பலம் குறைந்துவிட்டது, அதிர்கிறது’ என்ற புகாரோடு வரும் மோட்டார்கள் பல ஒற்றைக் காலில் நடப்பவைதான். எது செத்தது என்று கண்டுபிடிக்க, எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி, உபரிப் பிளக் ஒன்றில் மாட்டி அதை எஞ்சின் உடலோடு கவ்வி வைத்துவிட்டுக் கிளப்ப வேண்டும். வயரை வெறுமனே காற்றில் தொங்கவிடக் கூடாது. சிடிஐ (பாயிண்ட் இல்லாத மின்னணு ஸ்பார்க் அமைப்பு) வைத்த மோட்டார்களில் அதனால் மின்பெட்டியே போய்விடும். வயரை எடுத்ததும் ஓட்டம் விழுந்துவிட்டால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு மாற்றமும் இல்லாவிட்டால் கோளாறு அங்கேதான். பிறகு இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் போட்டால், கோளாறு பிளக்கோடு நகர்கிறதா, சிலிண்டரிலேயே நிற்கிறதா என்பது தெரியும். சந்தேகமிருந்தால் புதிய பிளக் போடுவது நல்லது. இந்த மோட்டாரில் மிக மலிவான பாகம் அது.

ஸ்பார்க்கைப் பார்ப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பிளக் கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும், அதன் பக்கத்தில் பொறி பறந்தால் தீப்பிடிக்கும். சோதனைக் கருவியைத் துளையிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். கயிற்றை வேகமாக இழுத்தால், ஸ்பார்க்கை உண்டாக்கும் மக்னீட்டோ நன்றாக இருக்கும் மோட்டாரில் நீலப் பொறி சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டும், ‘டக்’ என்று காதுக்கும் கேட்கும். மஞ்சளாக, மெலிதாக, விட்டு விட்டு வந்தால் போதாது. அப்படி வந்தால் உடனே ஃப்ளைவீலைக் கழற்றப் போகாமல், முதலில் எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்சின் வயரைப் பிரித்துவிட்டுப் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் அந்த ஸ்விட்ச் உள்ளுக்குள் பச்சை பூத்து, ஸ்பார்க்கில் பாதியைத் தரைக்குக் கடத்திக்கொண்டிருக்கும். கவருக்கு அடியில் உரசித் தோல் போன வயரும் இதையே செய்யும். வயரைப் பிரித்ததும் ஸ்பார்க் சரியானால் செலவு ஒரு ஸ்விட்சோடு முடிந்தது. சோதனைக்குப் பிறகு அதை மறக்காமல் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினை நிறுத்த வழியிருக்காது.

சரியாகாவிட்டால் ஃப்ளைவீலைக் கழற்றத்தான் வேண்டும். நட்டை எடுத்த பிறகும் அது கூம்பு வடிவ ஷாஃப்டில் இறுகிப் பிடித்திருக்கும். அதன் நடுவிலுள்ள மரைத் துளைகளில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர் வேண்டும். விளிம்பைக் கவ்வி இழுக்கும் மூன்றுகால் புல்லர் சக்கரத்தை வளைத்துவிடும், சுத்தியலால் ஓங்கி அடித்தால் காந்தமோ ஷாஃப்டோ பாழாகும். உள்ளே பாயிண்ட், கண்டென்சர், காயில் மூன்றும் ஒரு தட்டில் இருக்கும். ஈரக்காற்றில் சில மாதம் கிடந்த மோட்டாரில் பாயிண்டின் இரு முகங்களும் சாம்பல் பூத்திருக்கும். மிக நுண்ணிய உப்புத்தாளால் ஒரு முறை லேசாகத் தேய்த்து, பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த கெட்டியான வெள்ளைத் தாளை இரு முகங்களுக்கும் இடையே வைத்து இழுக்க வேண்டும். முதல் தாள் கருப்புக் கோடோடு வரும். கறையே இல்லாமல் வெள்ளையாக வரும்வரை தாளை மாற்றி மாற்றி இழுப்பதுதான் வேலை. பிறகு கேம் முழுதாகத் தூக்கிய நிலையில் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பழைய ஜான்சன், எவின்ரூட் மக்னீட்டோக்களில் அது 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். ஃபீலர் கேஜின் தகட்டில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். அது பாயிண்டில் ஒட்டினால் செய்த சுத்தம் அத்தனையும் வீண், ஆகவே அளந்த பிறகு இன்னொரு தாளை இழுத்தே முடிக்க வேண்டும்.

அந்தக் கால ஜான்சன், எவின்ரூட் காயில்களின் உறை வயதாகி வெடிப்பது பேர்போன குறை. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரிந்தாலே காயிலை மாற்றிவிடலாம். குளிரில் வேலை செய்து சூட்டில் கைவிடும் காயில்கள் பெரும்பாலும் இவைதான். ஃப்ளைவீலைத் திரும்ப வைப்பதற்கு முன் ஷாஃப்டிலுள்ள சின்னச் சாவியைப் பார்க்க வேண்டும். கட்டையிலோ பாறையிலோ புரொப்பெல்லர் மோதிய மோட்டாரில் அது பாதி அறுந்து, ஃப்ளைவீல் ஒரு மயிரிழை நகர்ந்து, ஸ்பார்க் தவறான நேரத்தில் விழும். எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் திணறுகிறது என்று சொல்லப்படும் மோட்டார்களில் இது ஒளிந்திருப்பதுண்டு. சிடிஐ வைத்த பிற்கால யமஹாக்களில் பாயிண்ட் கிடையாது. அங்கே வயர்களின் இணைப்புகளைச் சுத்தம் செய்து, காயில்களின் மின்தடையை அளந்து மோட்டாரின் கையேட்டோடு ஒப்பிடுவதுதான் வழி.

கம்ப்ரஷனைப் பார்க்க இரண்டு பிளக்கையும் கழற்றி, கைப்பிடியை முழுதாகத் திறந்து, கேஜை மாட்டி, முள் மேலே போவது நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். முள் காட்டும் எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்த பக்கத்தில் ரிங் கரியில் ஒட்டியிருக்கலாம், கேஸ்கட் கசியலாம், சிலிண்டர் கீறியிருக்கலாம். கரியில் ஒட்டிய ரிங்குகளை இளக்கும் திரவத்தை ஊற்றி ஊறவைத்தால் சில நேரம் விடுபடும். கீறிய சிலிண்டருக்கு அப்படிச் சுலப வழியில்லை.

2 ஸ்ட்ரோக் எஞ்சினில் கேஜ் காட்டாத இன்னொரு கம்ப்ரஷன் உண்டு. கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க்கேஸில் அழுந்தித்தான் மேலே போகிறது. கிராங்க் ஷாஃப்டின் மேல் சீலோ கீழ் சீலோ தேய்ந்தால் அங்கே காற்று புகுந்து கலவை மெலியும், ஸ்லோ ஒருபோதும் நிற்காது. எந்தத் திருகும் அதற்கு உதவாது. ரீட் வால்வின் தகடு நுனியில் உடைந்தால் கார்புரேட்டரின் வாயிலிருந்து பெட்ரோல் மூடுபனியாக வெளியே துப்பும். ஓடும்போது வாயருகே வெள்ளைத் தாளைப் பிடித்தால் நனைந்துவிடும். பெட்ரோல் பம்பின் மெல்லிய தோல் கிராங்க்கேஸின் துடிப்பால்தான் இயங்குகிறது. அது கிழிந்தால் பெட்ரோல் நேராக அந்த ஒரு சிலிண்டருக்குள் போகும். ஒரே பிளக் மட்டும் திரும்பத் திரும்ப நனைந்து, ஸ்பார்க்கும் நன்றாக இருந்தால், பம்பைத் திறந்து பார்க்காமல் விடக் கூடாது.

இதற்குப் பிறகுதான் கார்புரேட்டர். மாதக்கணக்கில் நின்ற மோட்டாரில் பெட்ரோல் ஆவியாகிப் போய், அதன் பிசின் மட்டும் ஜெட்டுகளில் பச்சையாகவோ பழுப்பாகவோ உறைந்திருக்கும். ஸ்லோ வழியின் துளைகள் மிகச் சிறியவை என்பதால் முதலில் அடைபடுவது அங்கேதான். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஊசித் திருகையும் மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். இறுக்கி உட்கார வைத்தால் ஊசி முனையில் வளையம் விழும், பிறகு அது எந்த அளவிலும் ஒழுங்காக நிற்காது. கிளீனரை ஒரு துளையில் அடித்தால் அது எங்கே வெளியே வர வேண்டுமோ அங்கே தாரையாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். சொட்டாக வந்தால் அடைப்பு இன்னும் இருக்கிறது. எஃகு ஊசியை விட்டுக் குத்தக் கூடாது, பித்தளை ஜெட்டின் துளை பெரிதாகிவிடும். மின்வயரின் மெல்லிய செம்புக் கம்பி ஒன்று போதும். கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் தூளோ துரும்போ இருந்தால், பெட்ரோல் வழியில் ஃபில்டர் வேலை செய்யவில்லை. மிதவையைக் கவிழ்த்துப் பிடித்தால் அது கார்புரேட்டரின் விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும். புதிய கேஸ்கட் போட்டே மூட வேண்டும், பழைய கேஸ்கட் வழியே புகும் காற்று மறுபடியும் ஸ்லோவைக் கெடுக்கும்.

கார்புரேட்டர் திருகைச் சரிசெய்வதைக் கரையில் தண்ணீர் டிரம்மில் வைத்து முடிக்க முடியாது. சிறிய டிரம்மில் எஞ்சின் தன் புகையையே மூச்சாக இழுக்கும், தண்ணீரும் நுரைத்துப் புரொப்பெல்லருக்குச் சுமை இல்லாமல் போகும். அங்கே ஒழுங்காக நிற்கும் ஸ்லோ கடலில் கியர் போட்டதும் செத்துவிடும். படகை ஜெட்டியில் உறுதியாகக் கட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, முன்கியரில் ஸ்லோவில் விட்டுத்தான் திருகைத் தொட வேண்டும். முதலில் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று வெளியே என்று தொடங்கலாம். பெரும்பாலான பழைய மோட்டார்களில் ஸ்லோ ஊசியை உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும். அரைக்கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் எஞ்சின் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும். பெட்ரோல் குறைந்தால் கார்புரேட்டர் வழியே ‘சப்’ என்று தும்மும். கூடினால் குழறிக் குழறி, ஒன்று விட்டு ஒன்று வெடிக்கும். இரண்டுக்கும் நடுவே சீரான இடத்தைப் பிடித்து, அங்கிருந்து துளி பெட்ரோல் கூடும் பக்கம் விடுவது பாதுகாப்பு. 2 ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடுதான் உள்ளே வருகிறது. பெட்ரோலைக் கஞ்சத்தனமாக வைத்தால் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 2 ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ்-இசட் பைக்குகளில் கை பழகிய போமன்களுக்கு, அதாவது மெக்கானிக்குகளுக்கு, இந்தத் தும்மலும் குழறலும் காது வழியாகவே தெரியும். ஆனால் அவர்களும் தண்ணீரில், கியரில் வைத்துக் கேட்டால்தான் சரியாகச் சொல்ல முடியும்.

நடு வேகத்தில் மட்டும் ஒரு தடுமாற்றம் மிஞ்சினால், கைப்பிடியை முறுக்கும்போது மக்னீட்டோ தட்டும் கார்புரேட்டரும் ஒன்றோடொன்று சேர்ந்து திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஜான்சன், எவின்ரூட்களில் கேமின் மேல் ஒரு கோடு இருக்கும். உருளை அந்தக் கோட்டைத் தொடும்போதுதான் கார்புரேட்டர் திறக்கத் தொடங்க வேண்டும்.

எண்ணெய் அளவிலும் பலர் சறுக்குகிறார்கள். பெட்ரோலுக்கு எண்ணெய் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. ஆனால் 1960களின் முற்பகுதிவரை வந்த ஜான்சன், எவின்ரூட்களுக்கு 24:1, அதாவது லிட்டருக்குச் சுமார் 42 மில்லி. பழைய சீகல்களுக்கு 10:1, லிட்டருக்கு 100 மில்லி. பின்னர் வந்த சீகல்களுக்கு 25:1. பழைய சீகல் நீலப் புகை கக்கிக்கொண்டு ஸ்லோவில் குழறுவது அதன் இயல்பு, அதை நோயென்று எண்ணி எண்ணெயைக் குறைத்தால் பேரிங் போய்விடும். வகையும் முக்கியம். பைக்குக்கான 2டி எண்ணெய் காற்றால் குளிரும் சூடான எஞ்சினுக்கானது. கடல் மோட்டாரில் அது சாம்பலைப் படியவைத்துப் பிளக்கை அடைக்கும். டிசி-டபிள்யூ3 என்று எழுதிய எண்ணெய்தான் இதற்கானது. மன்னார்ப் பக்கமும் கன்னியாகுமரிப் பக்கமும் ஓடும் மண்ணெண்ணெய் மோட்டார்கள் தனி வகை. பெட்ரோலில் கிளப்பிச் சூடாக்கிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் அவை திணறுவதில் வியப்பில்லை.

தண்ணீர் ஓட்டத்தைப் பொறுத்தவரை, வெல்ட் கீ ஜெட்டிகளின் கீழே வற்றின்போது சேறு வெளியே தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் மோட்டாரைத் தாழ்த்தி ஓட்டினால் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் தண்ணீரோடு சேற்றையும் இழுக்கும், ரப்பர் இதழ்கள் தேயும். பல மாதம் காய்ந்து கிடந்தாலும் அந்த இதழ்கள் ஒரு பக்கமாக மடிந்து விறைத்துவிடும். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் எஞ்சின் முதலில் பலம் இழக்கும், பிறகு திணறும், பிறகு பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டுத் துளையிலிருந்து தாரை வராவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். சில பழைய மாடல்களில் அந்தத் துளையே இருக்காது, சிலிண்டர் ஹெட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புரொப்பெல்லரில் சுற்றிய தூண்டில் நரம்பும், நீர் இழுக்கும் துளையை மூடிய பிளாஸ்டிக் பையும் எஞ்சின் கோளாறுபோலவே வேஷம் போடும். எஞ்சின் சீறிக்கொண்டு வேகமெடுத்தும் படகு நகராவிட்டால் புரொப்பெல்லரின் நடு ரப்பர் நழுவுகிறது அல்லது ஷியர் பின் அறுந்திருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் கடலில் முழு வேகத்தில் சிறிது நேரம் ஓட்டி, வேகத்தைக் குறைக்காமல் அப்படியே எஞ்சினை அணைத்து, பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்லோவில் கொண்டுவந்து அணைத்தால் பிளக்கில் தெரிவது ஸ்லோவின் நிறம்தான். இரண்டும் ஒரே இளம்பழுப்பாக இருந்தால் வேலை சரியாக முடிந்திருக்கிறது. கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓடவிட்டு உப்பைக் கழுவி, பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டுக் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை விட வேண்டும். ஊசித் திருகு எத்தனை சுற்றில் நிற்கிறது, எந்த எண்ணெய், எத்தனை மில்லி என்பதை அழியாத பேனாவால் கவரின் உட்புறத்திலேயே எழுதி வைத்தால், அடுத்து அதைத் திறப்பவர் எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.